கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

வணக்கம். பதினைந்து வருடமாக மேடையில் பாடுகிறேன். போன மாதம்தான் முதன்முறையாக ஸ்டுடியோவில் பாடினேன். ஹெட்போனை மாட்டியதும் என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. சுருதி நிற்கவில்லை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்தது "இன்னொரு தடவை" மட்டும்தான். நல்ல ஸ்டுடியோ கிடைத்தால் எல்லாம் மாறும் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவே மாறுமா, எனக்குத்தான் இது வராதா?
ஜே.

அன்புள்ள ஜே.,

வரும். நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி தொண்டைக் கோளாறு இல்லை.

என் முதல் ரெக்கார்டிங்கும் இப்படித்தான் போனது. வீட்டுக்கு வந்து, பாடவே தெரியாதோ என்று அழுதேன். அடுத்து வேறொரு ஸ்டுடியோ. அங்கிருந்த சவுண்ட் இன்ஜினியர் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, மைக் இல்லாமல் ஒரு பல்லவி பாடச் சொன்னார். பிறகு ஹெட்போனைத் தந்து, "உங்களுக்கு என்ன கேக்குது?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

டிராக், அதாவது பின்னணி இசை, காதை அடைக்கிறது என்றேன். அதைக் குறைத்துத் தம்பூராவை ஏற்றினார். பின்னணி சத்தமாக இருந்தால் குரலை அழுத்திவிடுவோம், சுருதி நழுவும். ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடச் சொன்னார். அந்தப் பக்க ஒலியை நிறுத்தியும் விட்டார், இல்லாவிட்டால் தாளம் கசிந்து மைக்கில் ஏறிவிடும். கொஞ்சம் ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி, சேர்த்தார். அது என் காதுக்கு மட்டும், பதிவில் கிடையாது.

இன்னொன்று, தாமதம். கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி வரும் குரல் 10 மில்லி செகண்டுக்கு மேல் பிந்தினாலே பலருக்கு உறுத்தும், யாரோ பின்னாலேயே கூடப் பாடுவது போல. கம்ப்யூட்டர் ஒலியைச் சாம்பிள் என்ற சின்னத் துணுக்குகளாக்கி, கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் அனுப்பும். அந்தச் சேமிப்புதான் பஃபர். அது 512 சாம்பிளில் இருந்தால், நொடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில், ஒரு வழிக்கே சுமார் 12 மில்லி செகண்ட். 64-க்கு இறக்கினால் ஒன்றரைக்கும் குறைவு. உங்கள் குரல் அந்நியமாகப் பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் என்னைக் காப்பாற்றியது வேறு. டேக் முடிந்த நொடியே அந்த இன்ஜினியர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பாடகரிடம் பேச உதவும் டாக்பேக் பட்டனை அழுத்தி, "கேட்டுட்டு இருக்கோம், ஒரு நிமிஷம்" என்பார். திரும்பப் பாட வேண்டுமென்றால் எந்த வரி, ஏன் என்று சொல்வார். "ரெண்டாவது வரியில மூச்சு பத்தல, அங்கிருந்து எடுப்போம்." பத்து வினாடி மௌனத்தில் ஒரு பாடகர் தன்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துக்கொள்வார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று நாலாவது டேக்கில் பாட்டு முடிந்தது.

எதிரே முகங்கள் இல்லாமல் பாடுவதற்கு மட்டும் பழக்கம் வேண்டும். அது நாளாவட்டத்தில் வரும்.

அடுத்த முறை அரை மணி முன்னதாகப் போங்கள். ஹெட்போனில் எது கூட, எது குறைய என்று தயங்காமல் சொல்லுங்கள். டாக்பேக்கைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். பாடிவிட்டு எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.