மூன்றாவது வளைவு – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கரையோரமாக வவுணதீவு வரை சைக்கிளில் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த நாளிலிருந்தே எழுத நினைத்திருந்தேன். இப்போது ஒரு கையால் தட்டி எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது. ஊர் அக்கரைப்பற்று. போன வருடம் பாவித்த மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன், இரண்டு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். சென்ற மாதம் நண்பர்கள் இருவரோடு மகாஓயாப் பக்கம் ஒரு கல்மலைக்குப் போனேன். (இடத்தின் பெயரைப் போடவேண்டாம். வீட்டுக்குச் சொல்லாமல் போனது.) பாதி மலை வரை உழவு இயந்திரம் போகிற கிறவல் பாதை, அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். இறங்கும்போது அவர்கள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள். இரண்டு வளைவு சரியாக வந்தேன். மூன்றாவதில் மழை அறுத்த பள்ளம், அதன் ஓரத்தில் பானை அளவு ஒரு கல். அந்தக் கல்லில் மட்டும் மோதக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நேரே அதற்குத்தான் போனேன். பிரேக்கை இறுக்கிப் பிடித்தது ஞாபகம். பிறகு ஹாண்டிலுக்கு மேலால் போய்த் தோள் அடிபட விழுந்தேன். காறையெலும்பு முறிந்துவிட்டது.

அம்மா சைக்கிளை விற்கச் சொல்கிறா. நண்பர்கள், “உனக்குப் பயம், அதான் விழுந்தாய்” என்கிறார்கள். துணிவு பிறப்பிலேயே வருவதா? மலையே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு இது சரிவராதா?

ச., அக்கரைப்பற்று

அன்புள்ள ச.,

முதலில் தோள் ஆறட்டும். மலையில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்புகளில் காறையெலும்பு ஒன்று. தோளில் விழுந்தாலும் முறியும், கையை ஊன்றி விழுந்தாலும் முறியும். வைத்தியர் சொன்ன நாள்வரை கையைக் கழுத்துக் கட்டிலிருந்து எடுக்காதீர்கள். கட்டு அவிழ்த்த பிறகு தருகிற பயிற்சிகளையும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டவன். பதினொரு வருடமாகிறது, இன்றைக்கும் மேல்தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுக்க இடது கை யோசிக்கும்.

இனி உங்கள் நண்பர்கள் சொன்னது. அது பிழை. அந்த இறக்கத்தின் தலைமாட்டில் நின்றால் யாருக்கும் வயிறு கலங்கும், அவர்களுக்கும் கலங்கியிருக்கும். நீங்கள் விழுந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த மூன்றாவது வளைவை நீங்கள் முதன்முதலில் பார்த்ததே ஓடுகிற சைக்கிளின் மேலிருந்துதான்.

ஏறும்போது பார்த்தேனே என்பீர்கள். சைக்கிளைத் தள்ளி ஏறுகிறவன் தன் முன்சில்லையும் தன் காலையும்தான் பார்ப்பான். அதோடு ஒரு கல் கீழிருந்து பார்க்கும்போது படிபோல நிமிர்ந்து நிற்கும். அதே கல் மேலிருந்து பார்த்தால் தரையோடு தரையாகக் கிடக்கும். அதற்கு அப்பால் ஒரு முழம் பள்ளம் இருப்பது கிட்டப் போனபிறகுதான் தெரியும். ஆகவே உச்சிக்குப் போய், சைக்கிளை ஒரு மரத்தில் சாத்திவிட்டு, வெறுங்கையோடு ஒருமுறை நடந்து இறங்கவேண்டும். மறுபடி ஏறவேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இந்த விளையாட்டில் நான் கற்றதில் பாதிக்கு மேல் அந்த நடையில் கற்றது.

உலகக் கிண்ண டவுன்ஹில் போட்டிகளில் ஓடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஒவ்வொருவராக மேலிருந்து விடுவார்கள், முழு இறக்கமும் சில நிமிடம்தான், முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் பல நேரம் ஒரு செக்கன்கூட இராது. அப்பேர்ப்பட்டவர்கள் சைக்கிளில் ஏறுவதற்கு முதல் பாதை முழுவதையும் நடந்து பார்க்கிறார்கள். ஒரே வளைவில் நின்று வேரையும் கல்லையும் கையால் காட்டிக் கதைப்பார்கள், பத்தடி மேலே ஏறித் திரும்பப் பார்ப்பார்கள். 2011இல் சுவிட்சர்லாந்தின் சாம்பெரியில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது மழை, பாதை முழுக்கச் சேறு. இங்கிலாந்தின் டானி ஹார்ட், 19 வயதுப் பையன், 11 செக்கனுக்கும் கூடிய வித்தியாசத்தில் வென்றான். துணிவு என்றால் இது என்று அந்த ஓட்டத்தின் வீடியோவை இன்றும் எல்லோரும் பகிர்கிறார்கள். நானும் மெய்சிலிர்த்துத்தான் பார்த்தேன். ஆனால் அதே சேற்றில் அவன் நடந்த நடையையும் ஓடிப் பழகிய ஓட்டங்களையும் யாரும் பகிர்வதில்லை. உங்கள் நண்பர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கல்லுக்கு வருவோம். மோதக்கூடாது என்று நினைத்த கல்லுக்கே ஏன் போனீர்கள்? அதையே பார்த்துக்கொண்டிருந்ததால். கண் போன பக்கம் தலை திரும்பும், தலையோடு தோள், தோளோடு ஹாண்டில். கல்லைப் பார்க்காதே என்று கண்ணுக்குக் கட்டளை போட்டால் அது கேட்காது. பார்க்க வேறொன்றைக் கொடுக்கவேண்டும். நடந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு அடையாளம் பிடித்து வைப்பேன்: வளைவு முடிகிற இடத்திலுள்ள பாலை மரத்தின் அடி, ஒரு புற்று, வெளிறிய மண் திட்டு. எதுவானாலும் அது சைக்கிள் போய்ச்சேர வேண்டிய பக்கத்தில் இருக்கவேண்டும். வளைவுக்குள் நுழையும்போதே கண் அங்கே போய்விடவேண்டும். கல் ஓரக்கண்ணில் கடந்து போகும். முதல் சில தடவை நம்பிக்கை வராது, உடம்பு எதிர்க்கும். பத்தாவது தடவை தலை தானாகத் திரும்பும்.

அடுத்தது பிரேக். இதை விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் எலும்பு முறிந்தது இதில்தான்.

இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்சில்லுக்குச் சாய்கிறது. அதனால் நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் பின்சில்லு இழுபட்டு, கிறவலில் கோடு கீறிக்கொண்டு போகுமே தவிர நிற்காது. ஆனால் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கல்லில் மோதினால் சில்லு அங்கேயே நின்றுவிடும், உங்கள் உடம்பு நிற்காது. உங்களுக்கு நடந்தது அதுதான். எங்கள் பக்கத்துக் கிறவலில் இன்னொன்றும் நடக்கும். அதிலுள்ள வெள்ளைக் குருணிக்கல் சைக்கிள் போல்ஸ் மாதிரி உருளும். வளைவுக்குள் முன்சில்லு பூட்டிக்கொண்டால் ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சைக்கிள் நேரே வழுக்கிப் போகும். சுழல்கிற சில்லுத்தான் திரும்பும்.

ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னால், பாதை நேராக இருக்கும் இடத்திலேயே குறைத்துவிடவேண்டும். இரண்டு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால், மெதுவாகத் தொடங்கி அழுத்தமாக. வளைவுக்குள் போகும்போது விரலைத் தளர்த்திவிடவேண்டும். பயந்த கை இதற்கு நேர்மாறாகச் செய்யும்: நேரில் விட்டுவிட்டு வளைவில் பிடிக்கும். எந்த நேர்த்துண்டில் பிரேக் பிடிப்பது என்பதையும் நடக்கும்போதே குறித்துவைக்கலாம். நான் ஒரு சுள்ளியைப் பாதையோரம் நட்டுவிடுவேன்.

பாவித்த சைக்கிள் என்கிறீர்கள். முன்பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? இங்கிலாந்திலும் ஜப்பானிலும் வலக்கையில் முன்பிரேக். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இடக்கையில். எங்கள் பழைய சைக்கிள்கள் வலக்கைப் பழக்கம். காத்தான்குடியில் என் சைக்கிளைத் திருத்துகிற காக்கா (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருமுறை கேட்டார்: “தம்பி, முன்பிரேக் எந்தக் கையில எண்டு உங்களுக்குத் தெரியும், உங்கட கைக்குத் தெரியுமா?” நான் பதில் சொல்வதற்குள் அவர் இரண்டு வயரையும் கழற்றி மாற்றிப் பூட்டத் தொடங்கிவிட்டார். உங்களுடையது எண்ணெய் பிரேக்காக இருந்தால் தெரிந்த ஒருவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

இந்த விளையாட்டே பிரேக்கின் புகையில்தான் தொடங்கியது. 1976 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் நேரம் பார்த்து இறங்கினார்கள். இரண்டு மைலுக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக், பின்சில்லின் நடுக்குடமான ஹப்புக்குள். கீழே வந்துசேரும்போது உள்ளே இருந்த கிரீஸ் எரிந்து புகையாகப் போயிருக்கும், ஹப்பைக் கழற்றித் திரும்பக் கிரீஸ் அடைக்கவேண்டும். ரீபேக், அதாவது திரும்ப அடைத்தல், என்று அந்தப் பாதைக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைக் கழற்றியவர்களுக்குத் தங்கள் பிரேக் எங்கே எவ்வளவு வேலை செய்தது என்று நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதை முதலில் வாசித்தபோது எனக்கு என் பெரியப்பாவின் செருப்பு ஞாபகம் வந்தது. பெரியப்பா கரடியனாற்றுப் பக்கமிருந்து பதுளை வீதியால் செங்கலடிக்குச் சைக்கிளில் விறகு கொண்டுவருவார். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு விறகு. கம்பிப் பிரேக்கின் கட்டைகள் தேய்ந்து எப்போதோ விழுந்துவிட்டன. இறக்கம் வந்தால் வலது காலைத் தூக்கி, ரப்பர் செருப்பின் அடியை முன்ரயரில் வைத்து அழுத்துவார். அந்தச் செருப்பின் அடியில் ரயரின் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது, அதற்குள் என் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பேன். செருப்பால் பிடிக்கமுடியாத இறக்கம் ஒன்றிரண்டு இருந்தது. அங்கே வந்ததும் பேசாமல் இறங்கி, சைக்கிளை உடம்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். “ஏறக்குள்ள தள்ளுறதுக்கு வெக்கமில்ல, இறங்கக்குள்ள தள்ள என்ன வெக்கம் மனே?” என்றார்.

அந்த மூன்றாவது வளைவில் நீங்கள் இறங்கி நடந்திருக்கலாம், ச. உங்களைத் தடுத்தது நண்பர்கள் கீழே நிற்கிறார்கள் என்ற நினைப்பாக இருக்கும். அவர்கள் நிற்கவும் இல்லை, போய்விட்டார்கள். அதை நான் சுலபமாக விடமாட்டேன். மூன்று பேர் போனால் முன்னால் போகிறவர் ஒவ்வொரு வளைவு தாண்டியும் நின்று, பின்னால் வருகிறவரைக் கண்ணால் கண்டபிறகுதான் நகரவேண்டும். தொலைபேசி எடுக்காத, யானை நடமாடுகிற காட்டோரம் அது. நான்கு மணிக்கு முன்னால் பெரிய றோட்டுக்கு வந்துவிடவேண்டிய இடம்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம். இறங்குமுன் சீட்டை நான்கு விரலாவது இறக்குங்கள், அது நெஞ்சில் இடிக்காமல் உடம்பு அசைய இடம் கிடைக்கும். இரண்டு பெடலும் சமமாக இருக்க அவற்றில் எழுந்து நில்லுங்கள், முழங்காலும் முழங்கையும் மடிந்திருக்கட்டும், பாரம் பாதத்தில். பயத்தில் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் முன்சில்லு பாரமில்லாமல் அலையும். காற்று அடிக்கும்போது கடைக்காரர் கல்லாக்கித்தான் விடுவார். ரியூப் போட்ட ரயருக்குச் சுமார் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். அன்றைக்கு ஹெல்மெட் தரையில் அடிபட்டிருந்தால் புதிது வாங்குங்கள், வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும்.

மலையில்லாத ஊர் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மலை இல்லாமல் இல்லை. தெளிவான காலையில் மேற்கே பார்த்தால் குடும்பிமலை தெரியும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதெல்லாம் பார்க்கிற மலை, போகிற மலையில்லை. றோட்டை விட்டு இறங்காதே என்பதுதான் எங்களுக்கு அம்மாமார் சொல்லித் தந்த முதல் பாடம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவித்ததே 2017இல்தான். என் வயதுக்காரர்களுக்கு இன்னும் ஒற்றையடிப் பாதையில் கால் வைக்கும்போது கண் முதலில் மண்ணைத்தான் பார்க்கும். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். உங்கள் அம்மாவின் கோபத்திலும் அது கொஞ்சம் இருக்கும். சைக்கிளை விற்பதா என்பதற்கு முன், சொல்லாமல் போனதற்கு அவவிடம் மன்னிப்புக் கேளுங்கள். இனிமேல் எந்த மலை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பழகுவதற்குச் சாகாமம் குளக்கட்டு உங்களுக்குக் கிட்டத்தான். வாகனம் ஏறி இறங்கும் சரிவு ஒன்று போதும். மேலிருந்து கீழே வந்து, குறித்த இடத்தில் சில்லு பூட்டாமல் நிறுத்துங்கள், ஒருநாளைக்கு முப்பது தடவை. கட்டின் புல்லில் மட்டும் இறங்கவேண்டாம். நீங்கள் போட்ட தடத்தில் மாரி மழை வழிந்து அதையே வாய்க்காலாக்கிவிடும், அந்தத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வைத்தியர் சரி என்றதும் எழுதுங்கள். மழை விட்டு, பங்குனியில் தரை இறுகியிருக்கும். நானும் வருகிறேன், நண்பர்கள் இருவரையும் கூட்டி வாருங்கள். அன்றைக்கு யாரும் சைக்கிள் கொண்டுவர வேண்டாம். சோற்றுப் பார்சலும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு விடிய ஆறு மணிக்கு ஏறினால் வெயிலுக்கு முன் மூன்றாவது வளைவுக்குப் போய்விடலாம். அந்தக் கல்லை எனக்குக் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணன்