பல மரம் கண்ட தச்சன்

ஓவியம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் மாணவர்களுடையதுதான். சரி, இந்த முறை முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பொழுதுபோக்காக வரைகிறேன். பென்சிலில் தொடங்கினேன். அது சலித்ததும் வாட்டர்கலர். அது சேறு மாதிரி ஆனதால் அக்ரிலிக். அது தட்டிலேயே காய்ந்து தொலைத்ததால் ஆயில் பேஸ்டல். அது கையெல்லாம் அப்பியதால் இப்போது கரி. ஒரு வருடத்தில் ஐந்து மீடியம், உருப்படியாக ஒரு படம் இல்லை. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்கிறார் அப்பா. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடட்டுமா? (மாணவி, கரூர்)

அப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பழமொழி சரியானதுதான், ஆனால் அது சாயங்காலத்துக்குள் மரத்தை வெட்டி வண்டியில் ஏற்றியாக வேண்டிய தச்சனுக்குச் சொன்னது. உங்களுக்கு யாரும் கட்டில் செய்யச் சொல்லி முன்பணம் தரவில்லையே. பொழுதுபோக்குக்கு வந்தவர் காட்டைச் சுற்றிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொன்று என்னை உறுத்தியது. ஒவ்வொரு மீடியத்தையும் எந்த இடத்தில் விட்டீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் படித்துப் பாருங்கள். சேறானதும் விட்டீர்கள், காய்ந்ததும் விட்டீர்கள், அப்பியதும் விட்டீர்கள். அந்த மீடியம் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்த அதே நிமிடத்தில் கடைக்கு ஓடியிருக்கிறீர்கள். மாறியது தப்பில்லை, ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்காமல் மாறியதுதான் தப்பு.

வாட்டர்கலர் ஏன் சேறாகிறது? அதில் வெள்ளை நிறம் டியூபில் இல்லை, பேப்பரில் இருக்கிறது. வெளிச்சம் நிறத்தை ஊடுருவிப் போய், கீழே இருக்கும் பேப்பரில் பட்டுத் திரும்பி வந்தால்தான் படம் பளிச்சென்று இருக்கும். நாம் என்ன செய்கிறோம், அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் போய் 'இன்னும் கொஞ்சம்' என்று பிரஷ்ஷை நாலு தடவை தேய்க்கிறோம், நாலாவது நிறத்தையும் அதன் தலையில் கொட்டுகிறோம், அப்புறம் வெளிச்சம் எப்படி உள்ளே போகும்? ஒரு பூச்சு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பு, நன்றாகக் காய்ந்ததும் அடுத்த பூச்சு. ஒரு இடத்துக்கு இரண்டு நிறத்துக்கு மேல் கலக்காமல் இருந்தால் பாதிச் சேறு போய்விடும். (ஸ்கூலில் முதலில் கையில் கொடுப்பது வாட்டர்கலர் கேக்தான். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கஷ்டமான மீடியம் அதுதான். விலை குறைவு என்பதால் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்கள்.)

அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பசையோடு நிறத்தூளைக் கலந்த சரக்கு. தண்ணீர் ஆவியானதும் பசைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் தண்ணீரில் கரையாது. கரூர் வெயிலில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வரைந்தால் அது காயாமல் என்ன செய்யும்? ஈரத் துணியை மடித்துத் தட்டில் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் நிறத்தைப் பிதுக்குங்கள். ரொம்ப நேரம் ஈரமாக இருக்கும். பிரஷ்ஷை மட்டும் எக்காரணம் கொண்டும் காய விடாதீர்கள். ஒரு போன் வந்ததென்று எழுந்து போய் நான் கொன்ற பிரஷ்கள் ஒரு டம்ளர் நிறைய இருக்கின்றன.

ஆயில் பேஸ்டல் கையில் அப்பும், ஏனென்றால் அதில் இருப்பது மெழுகும் காயாத எண்ணெயும். அது முழுசாகக் காயவே காயாது. அதுதான் அதன் குறை, அதன் அழகும் அதுதான்: விரலால் இழுக்கலாம், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை அப்பி, குச்சியால் சுரண்டி அடியில் இருப்பதை வெளியே கொண்டுவரலாம். ஜப்பானில் 1920களில் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த பொருள் அது. பிக்காஸோ ஆசைப்பட, 1949ல் பாரிஸில் செனலியே கடைக்காரர்கள் ஓவியர்களுக்கென்றே அதில் உயர்ந்த ரகம் ஒன்று செய்தார்கள். ஆகவே, கை அழுக்காகும். ஆகட்டும்.

இனி நான் சொல்லும் ஒரு வேலையைச் செய்யுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் பித்தளைச் சொம்பு இருக்கும், புளி போட்டுத் துலக்கி ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், உள்ளங்கை அளவு படமாக, அதே சொம்பை உங்களிடம் இருக்கும் ஐந்து மீடியத்திலும் வரையுங்கள். சொம்பின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு புள்ளி மினுக்கும் பாருங்கள், அதை மட்டும் கவனியுங்கள். வாட்டர்கலரில் அந்தப் புள்ளியை ஆரம்பத்திலேயே முடிவு செய்து பேப்பரை வெறுமையாக விட்டாக வேண்டும், அப்புறம் திரும்பக் கிடைக்காது. அக்ரிலிக்கில் கவலையே இல்லை, எல்லாம் முடிந்தபின் கெட்டியாக ஒரு பொட்டு வெள்ளை வைத்தால் போதும். கரியில் முதலில் பேப்பர் முழுக்கச் சாம்பல் நிறமாகத் தேய்த்துவிட்டு, ரப்பரால் அந்தப் புள்ளியைத் துடைத்து எடுக்கலாம் (ரப்பர் வருவதற்கு முன் இதற்கு ரொட்டியைத்தான் பிசைந்து பயன்படுத்தினார்கள்). பேஸ்டலில் அப்பலாம், சுரண்டலாம். பென்சிலில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசி வரை தொடாமல் காப்பாற்ற வேண்டும். ஒரே மினுக்கம்தான், ஒன்றில் முதல் வேலை, இன்னொன்றில் கடைசி வேலை.

இரண்டு வாரம் இதைச் செய்தால் உங்கள் புத்தி எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முன்கூட்டியே யோசித்து வைப்பவர்களுக்கு வாட்டர்கலர் பிடிக்கும். போட்டபின் திருத்துபவர்களுக்கு (நான் அந்தக் கட்சி) அக்ரிலிக்கோ கரியோதான். அப்போது ஒன்றில் கொஞ்ச நாள் தங்குங்கள். மற்றவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், பரணில் இருக்கட்டும்.

அப்பாவுக்கு ஒரு செய்தி. சென்னைக்கு வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு அவரை அழைத்துப் போங்கள், அருங்காட்சியகமும் இருக்கிறது. 1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அதற்குக் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓவியர்களும் சிற்பிகளுமாகச் சேர்ந்து துணியில் மெழுகு தடவி, சாயத்தில் முக்கி, பத்திக் வேலை செய்து விற்றார்கள். பத்திக் செய்ததால் யாருக்கும் ஓவியம் மறந்துபோகவில்லை. பணிக்கரே ஆரம்பத்தில் வாட்டர்கலரில் தென்னையும் காயலுமாக வரைந்தவர், 1960களில் எழுத்துகளும் குறியீடுகளும் நிரம்பிய வேறு மாதிரியான ஓவியங்களுக்குப் போனார். பல மரம் கண்ட தச்சர்கள்தான், வெட்டவும் செய்தார்கள்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கலர் வாங்கக் கையில் காசில்லை. வீட்டில் கிடைப்பதை வைத்தே நிறம் செய்ய முடியுமா? (மாணவர், திண்டிவனம்)

தாராளமாக. நிறத்துக்கு வேண்டியது இரண்டே இரண்டு: ஒரு தூள், அதைப் பேப்பரில் ஒட்ட வைக்க ஒரு பசை. கடையில் வாங்கும் வாட்டர்கலரில் இருக்கும் பசை அரபுப் பிசின். அது வேல மரத்து வகையின் பிசின்தான், நம் கருவேல மரத்தில் வடிவது அதன் பங்காளி. தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டினால் பசை தயார்.

தூளுக்குக் காவிக்கல், செம்மண், அடுப்புக்கரி, சுண்ணாம்பு. மாவு மாதிரி நைசாக அரைக்க வேண்டும், இல்லையென்றால் பேப்பரில் மணலாக நிற்கும். செம்மண்ணைத் தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் செந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளிய விடுங்கள், அந்த வண்டல்தான் நல்ல நிறம்.

மஞ்சளையும் பீட்ரூட்டையும் நம்பாதீர்கள். முதல் நாள் கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் சில நாட்களிலேயே வெளுத்துவிடும். மண்ணிலும் கல்லிலும் கரியிலும் எடுத்த நிறத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில், 1931ல் கண்டுபிடிக்கப்பட்ட சோழர் ஓவியங்களில் ஆயிரம் வருடம் கழித்தும் காவி காவியாகவே இருக்கிறது. நீலத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கமே அவுரி விளைகிறது, விசாரித்துப் பாருங்கள். காபி டிகாஷனிலும் அழகான பழுப்பு வரும், படம் காய்வதற்குள் நோட்டை மூடினால் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வாட்டர்கலர் போட்டால் பேப்பர் அப்பளம் மாதிரி வளைந்துவிடுகிறது. என்ன செய்வது? (பிளஸ் ஒன் மாணவர், மதுரை)

ஜெராக்ஸ் பேப்பரில் வரைகிறீர்கள் போல. அது 70, 80 ஜி.எஸ்.எம்.தான் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்ற கணக்கு, எண் கூடினால் பேப்பர் தடிமன்). ஈரம் பட்ட இழை ஊதும், படாத இழை சும்மா இருக்கும், நடுவில் பேப்பர் நெளியும். 300 ஜி.எஸ்.எம். வாங்குங்கள். ஒரு தாளை நாலாக வெட்டி, இரண்டு பக்கமும் வரைந்தால் கட்டுப்படியாகும். பஞ்சில் செய்த பேப்பர் என்றால் இன்னும் நல்லது, புதுச்சேரி ஆசிரமத்தின் கைவினைத்தாள்கூட இருக்கிறது, ஆனால் சில கைவினைத்தாள்கள் தண்ணீரை உறிஞ்சித் தள்ளிவிடும், ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகன் ஆயில் பெயின்ட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சின்ன வீடு, வாடை ஆகாது. வாங்கித் தரலாமா? (ஒரு அம்மா, சேலம்)

வாங்கித் தரலாம் அம்மா, ஆனால் டர்பன்டைன் (நிறத்தை இளக்கவும் பிரஷ் கழுவவும் ஊற்றும் திரவம்) வேண்டாம். மூக்கைத் துளைக்கும் வாடை பெரும்பாலும் அதனுடையதுதான். ஆயில் கலரில் இருப்பது ஆளி விதை எண்ணெய், அதற்கு அவ்வளவு வாடை கிடையாது. பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு அலசி, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஆசைக்காக இந்த எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் கலக்க விடாதீர்கள், அது ஜென்மத்துக்கும் காயாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வரும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி, தானாகத் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: செமஸ்டர் தேர்வு நேரத்தில் வரையலாமா? (பெயர் வேண்டாம், கோவை)

வரையலாம். ஆயில் மட்டும் எடுக்காதீர்கள், அது காய்வதற்குள் ரிசல்ட் வந்துவிடும்.