பாயைச் சுருட்டிய பிறகு: யோகம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள் யோகா வகுப்புக்குப் போகிறேன். முதுகுவலி குறைந்திருக்கிறது, சிரசாசனம்கூடச் செய்கிறேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒன்றுக்காகக் கத்திவிடுகிறேன். "இதற்கா மாதாமாதம் கட்டணம் கட்டுகிறாய்?" என்று கணவர் கேலி செய்கிறார். குறை என்னிடமா, யோகத்திடமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டு பக்கமும் இல்லை. பாடம் நடத்துகிற நாங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வரிசையை மாற்றிவிட்டோம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அவர் சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களிலும் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. பிறரிடம் நடந்துகொள்ளும் முறையாகிய இயமமும், நம்மை நாம் வைத்துக்கொள்ளும் முறையாகிய நியமமும் அதற்கு முன்னால் நிற்கின்றன. நாமோ முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்து மூன்றாம் படியில் பாயை விரித்துவிட்டு, ஏன் கால் தடுமாறுகிறது என்று கேட்கிறோம்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் இயமத்தை விளக்கும்போது, கொல்லாமை, பொய் கூறாமை, களவின்மை ஆகியவற்றோடு, 'நடுச்செய்ய வல்லான்' (நடுவுநிலை தவறாதவன்) என்றும் 'பகுத்துண்பான்' என்றும் சேர்த்துச் சொல்கிறார். பகிர்ந்து உண்பதை யோகத்தின் முதல் படியிலேயே அவர் வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஏனெனில் அது பாயின் மேல் செய்ய முடியாத பயிற்சி. அதற்கு இன்னொருவர் வேண்டும், ஒரு தட்டு வேண்டும்.

உங்கள் கோபத்துக்கு வருவோம். முதல் இயமமான அகிம்சைக்கு எதிரான எண்ணம் தலைதூக்கும்போது அதற்கு மாறான எண்ணத்தை வளர்க்கும்படி பதஞ்சலி கூறுகிறார். இதற்குப் பிரதிபட்ச பாவனை என்று பெயர். அடுத்த சூத்திரத்தில், இம்சையைத் தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்யும்போது உடன்படுவது என்று மூன்றாகப் பிரிக்கிறார். அவை பேராசையால் வரலாம், கோபத்தால் வரலாம், மயக்கத்தால் வரலாம். மென்மையாகவோ நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கலாம். பெருக்கிப் பார்த்தால் 27 வகை. பள்ளிக் கணக்குப் போலத் தோன்றினாலும் இது வீட்டுக்குள் வந்து உட்காரும் கணக்கு. நாம் கத்தாவிட்டாலும், பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவை வேறொருவர் கடிந்து பேசும்போது காதில் விழாததுபோல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது மூன்றாவது வகையில் சேர்ந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது சிறியதுதான். வகுப்பிலிருந்து திரும்பியதும் செருப்பைக் கழற்றும் இடத்தில் நின்று, மூன்று முறை மூச்சை நீளமாக வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும், ஈரத்துண்டு நாற்காலியில் கிடக்கும். அவை நீங்கள் நின்றாலும் நிற்காவிட்டாலும் அங்கேதான் இருக்கும். நானும் ஒருமுறை, ஒரு மணி நேரம் மன அமைதியைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு வெளியே வந்து, பத்து ரூபாய்க்காக ஆட்டோ ஓட்டுநரிடம் தொண்டை வற்றச் சண்டை போட்டேன். பின்னால் நின்ற மாணவி எதுவும் சொல்லாமல் தன் பையிலிருந்து அந்தப் பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். அன்று வகுப்பெடுத்தவள் அவள்தான்.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். ஓய்வுபெற்ற பணத்தை எஃப்.டி.யில் போட வரும் முதியவர்களிடம் காப்பீட்டுத் திட்டங்களை விற்க வேண்டும் என்று எங்களுக்கு மாத இலக்கு உண்டு. "பொய் சொல்ல வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்பது மேலாளரின் அறிவுரை. காலையில் தியானம் செய்துவிட்டுப் பகலில் இதைச் செய்கிறேன். சத்தியத்தை மீறுகிறேனா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: மீறுகிறீர்கள். அது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரை, சத்தியத்தை விளக்கும் இடத்தில் ஏறக்குறைய உங்கள் கவுண்ட்டருக்கு எதிரிலேயே வந்து நிற்கிறது. கண்டதையும் கேட்டதையும் உள்ளபடி சொல்வது சத்தியம் என்று தொடங்கும் அந்த உரை, தான் அறிந்ததைப் பிறருக்குத் தெரிவிப்பதற்காகவே பேச்சு இருக்கிறது என்றும், ஆகவே அந்தப் பேச்சு வஞ்சகமாகவும் இருக்கக்கூடாது, பிழைபட்டதாகவும் இருக்கக்கூடாது, கேட்பவருக்கு எதையும் விளங்கவைக்காத வெற்றுப் பேச்சாகவும் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. இந்த மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். பொடி எழுத்தில் பன்னிரண்டு பக்கம் அச்சடித்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து வாங்கினால், அந்தத் தாள்களில் ஒரு பொய்யும் இல்லாமல் இருக்கலாம். கையெழுத்துப் போட்டவருக்கு எதுவும் விளங்கவில்லை என்றால் அங்கே சத்தியமும் இல்லை.

அதே உரை இன்னொன்றையும் சேர்க்கிறது: உயிர்களுக்குத் தீங்கு செய்யும் பேச்சு, உண்மைபோல் தோன்றினாலும் சத்தியம் ஆகாது. "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்று வள்ளுவர் சொல்வதும் இதுவே. உண்மையைச் சாட்டையாக வீசுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்றாலும், உங்கள் கேள்வி அதுவன்று.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதமாட்டேன். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் உங்களுக்குத்தான் தெரியும்; பிறர் வேலையை விடச் சொல்லும் துறவு மிக மலிவானது. பதஞ்சலி, இயமங்களைப் பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை என்ற எந்த எல்லையும் இன்றிக் காத்தால் அது மகாவிரதம் என்கிறார். அப்படியானால் எல்லைகளோடு காப்பதும் ஒரு தொடக்கம்தான் என்று நான் பொருள் கொள்கிறேன். எனவே ஓர் எல்லையைப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். அறுபதைக் கடந்தவர் எவர் வந்தாலும், அவர் கேட்காமலே மூன்று செய்திகளைச் சத்தமாகச் சொல்லுங்கள்: இது எஃப்.டி. அல்ல, காப்பீடு, பிரீமியத்தை இத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும், நடுவில் எடுத்தால் கைக்கு வருவது இவ்வளவு. பாலிசி கைக்கு வந்த பின்னரும், வேண்டாம் என்று குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பித் தர உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. சிலர் எழுந்து போய்விடுவார்கள், உங்கள் இலக்கு குறையும், மேலாளர் முகம் சுளிப்பார். தவம் என்ற நியமத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்கு வாய்க்காது. பனிக்காலத்தில் குளிர்ந்த நீரில் குளிப்பது மட்டுமா தவம்?

கேள்வி: மூச்சுப் பயிற்சி செய்து வந்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: கூடாது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. யோகத்துக்கு வரும் ஒன்பது தடைகளைப் பட்டியலிடும் பதஞ்சலி முதல் தடையாக நோயையே வைத்திருக்கிறார். அந்தத் தடையை நீங்களே இழுத்து வந்து வாசலில் போடாதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றபின் தியானம் பழகுகிறேன். கண்ணை மூடினால் மின்கட்டணம், மருமகளின் முகவாட்டம், முப்பது வருடத்துக்கு முந்தைய அலுவலகச் சண்டை என்று எல்லாம் வருகின்றன. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எனக்கு இது வராது என்று விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலிகளின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம் என்று அடுக்கிக்கொண்டே போகும் தாயுமானவர், "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று முடிக்கிறார். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றைப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று அர்ச்சுனன் முறையிட்டபோது, கண்ணன் அவனை மறுக்கவில்லை. ஐயமில்லை, கடினம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது பிடிபடும் என்கிறான். நீங்கள் நல்ல துணையோடுதான் இருக்கிறீர்கள்.

பயிற்சி வேரூன்றுவதற்குப் பதஞ்சலி மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறார்: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு செய்தல். எத்தனை நிமிடம் என்ற பேச்சே அங்கு இல்லை. ஆகவே ஐந்து நிமிடம் போதும். ஆனால் நாளையும் மறுநாளும் அந்த ஐந்து நிமிடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் மறந்துவிடுகிறவரைவிட நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். காலைக் காபிக்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை மறந்தாலும் நாம் காபியை மறப்பதில்லை அல்லவா? தரையில் அமர முடியாவிட்டால் நாற்காலியில் பாதங்கள் தரையில் படும்படி அமர்ந்து, வெளிமூச்சை மட்டும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணுங்கள். மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிக்க வேண்டாம். ஏழில் மின்கட்டணம் வந்துவிட்டால், கடிந்துகொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து. மனம் ஓடியதைக் கண்டுபிடித்த அந்த நொடியைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்; அன்றைய பயிற்சியில் விழித்திருந்த நொடி அது.

மருமகளின் முகவாட்டத்துக்கு எண்ணுவது உதவாது. எழுந்ததும் போய், என்னம்மா என்று கேளுங்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவுத் தூக்கமும் துண்டுதுண்டாகத்தான். யோகம், தியானம் என்று நீங்கள் எழுதுவதை எல்லாம் படிக்கிறேன். எனக்கு உட்காரவே நேரமில்லை. நாத்தனார் கொடைக்கானலிலிருந்து படங்களை அனுப்பும்போது நெஞ்சு எரிகிறது. எனக்கும் ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உண்டு. ஆனால் முதலில் ஒன்று: சேவையே யோகம், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரவில் எழுந்து எவரையும் புரட்டியவர்கள் அல்லர்.

மாமியாரைப் புரட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல், வெளியே விட்டபடி புரட்டுங்கள். இடுப்பிலிருந்து குனியாமல் முழங்காலை மடக்குங்கள். கையை அவர் தோளில் வைத்ததும் ஒரு மூச்சுக்காலம் அப்படியே நிறுத்தி, அவருடைய மூச்சு எப்படி ஓடுகிறது என்று கவனித்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள். நேரம் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை; ஒரு நாளில் இது பத்துப் பன்னிரண்டு முறை உங்களுக்குத் தானே வருகிறது.

கொடைக்கானல் படங்களைப் பற்றி. சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நற்செயல் செய்பவரிடம் மகிழ்ச்சி, தீச்செயல் செய்பவரிடம் பொருட்படுத்தாமை ஆகிய நான்கையும் வளர்த்தால் மனம் தெளியும் என்கிறது யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், வரும் 33ஆம் சூத்திரம். கருணை உங்களிடம் நிறைய இருக்கிறது. வரிசையில் முதலாவதாக இருப்பது ஏன் சுகமாக இருப்பவரிடம் நட்பு என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்பது. இன்றைக்கே வராது. படத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது என்று மட்டும் தெரிந்துகொண்டு கைபேசியைக் கீழே வையுங்கள்.

நட்பு என்பது கேட்காமல் இருப்பதன்று. இயமங்களில் மூன்றாவது அஸ்தேயம், திருடாமை. பிறர் பொருளை எடுப்பதை மட்டும் அது குறிப்பதாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. ஒருவருடைய தூக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் மற்றவர்கள் பேசாமல் எடுத்துக்கொள்வதற்கும் எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. படுத்திருப்பவர் உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் தாய். வாரத்தில் இரண்டு இரவுகள் கணவர் எழுந்து புரட்ட வேண்டும்; மாதத்தில் நான்கு நாட்கள் நாத்தனார் வந்து தங்கவோ, பகலில் உதவிக்கு வரும் ஓர் ஆளுக்குச் சம்பளம் தரவோ வேண்டும். இதை வாய் திறந்து, தேதியும் கிழமையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து உங்கள் கணவரின் காலைக் காபிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மேலே உள்ள பத்தி அவருக்கும் சேர்த்து எழுதியதுதான்.