துவக்கின் கழுத்தில் ஓர் எண் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் கனடாவின் மிசிசாகாவில் வசிக்கிறேன். உரிமம் பெற்று, இங்குள்ள சுடுதல் கழகம் ஒன்றில் உறுப்பினனாக இருக்கிறேன். சென்ற வருடம், 1943இல் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்கு ஒன்றை வாங்கினேன். யாரோ மான் வேட்டைக்காக அதன் முன்கட்டையை அரிந்து எறிந்திருந்தார். புதிய வால்நட் கட்டை போட்டு, இப்போது செய்து விற்கப்படும் தொலைநோக்கி ஒன்றையும் பொருத்தி, இரண்டாம் உலகப் போரில் கனடிய ஸ்னைப்பர்கள் வைத்திருந்த நம்பர் 4 (டி – ஆங்கில T) போல அதை ஆக்க விரும்புகிறேன். கல்கரி ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் சார்ஜன்ட் ஹரோல்ட் மார்ஷலின் 1944ஆம் ஆண்டுப் புகைப்படத்தை மாதிரியாக வைத்திருக்கிறேன். அவர் கையில் இருப்பதும் எங்கள் லாங் பிராஞ்சில் செய்ததுதான்.

மூன்று கேள்விகள். பழைய துவக்கின் உடலில் புதிதாகத் துளையிடுவது பாவமா? புதுக் கட்டையைப் பழையது போலக் காட்ட என்ன பூசலாம்? அசலில் உள்ளது போல ‘டி’ எழுத்தையும் தொலைநோக்கியின் எண்ணையும் நானே பொறித்துவிடலாமா? என் மனைவி இதைப் பார்க்கவே மறுக்கிறார். ஊரில் கேட்ட வெடிச்சத்தம் போதும் என்கிறார்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் ‘துவக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ‘துப்பாக்கி’ என்று எழுதிப் பழகியவன். அந்தச் சொல்லைக் கேட்டதும் காட்சிப்பெட்டி நினைவுக்கு வருபவனுக்கும் பதுங்குகுழி நினைவுக்கு வருபவருக்கும் நடுவே நான் பஞ்சாயத்து செய்ய முடியாது. அவர் பார்க்க வேண்டாம். நீங்களும் காட்டி வற்புறுத்த வேண்டாம்.

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மான் வேட்டைக்காரரின் ரம்பம் ஏற்கெனவே இறங்கிவிட்ட துப்பாக்கி அது. போருக்குப் பின் மிச்சமாகி மலிவாக விற்கப்பட்ட எத்தனையோ லீ-என்ஃபீல்டுகளுக்குக் கனடாவில் இதே கதிதான் நேர்ந்தது. வெள்ளம் தலைக்கு மேல் போன பின் சாண் என்ன, முழம் என்ன? துளையிடுவதை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் விட்டுவிடுங்கள். ஒருவர் கை படாத, கட்டை முழுதாக இருக்கும் துப்பாக்கியில் துளையிட நினைத்திருந்தால் நான் வேறு தொனியில் எழுதியிருப்பேன். இதற்கிடையே உங்கள் நாட்டுச் சட்டத்தின் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவைக்கிறேன். கனடாவின் குற்றவியல் சட்டப்படி, சுடாத, ஆனால் அசலை அச்சாக ஒத்திருக்கும் போலித் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட சாதனம். மிகப் பழைய துப்பாக்கிகளின் பிரதிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. சுடுகிற உங்கள் நம்பர் 4ஐயோ உரிமத்தோடு வைத்துக்கொள்ளலாம். பொருளை விடப் பொருளின் சாயலுக்கு அதிகம் பயப்படுகிற சட்டம் அது. படித்தபோது சிரித்தேன்; பிறகு, அதில் நியாயம் இருக்கிறதோ என்றும் தோன்றியது.

உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. சில மாதங்களாகவே இதை நான் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். எங்களுக்குக் கிடைத்தவை நம்பர் 4க்கு முந்தைய வகை பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகள். சுட முடியாதபடி செய்து, ‘டிரில் பர்ப்பஸ்’ என்பதன் சுருக்கமாக டி.பி. என்று பொறித்துக் கொடுத்தவை. நான்கு கிலோ எடை. மதிய வெயிலில் கட்டையிலிருந்து எழும் எண்ணெய் வாடை. அடிப்பாகத்தில் பித்தளைத் தகடு, அதில் ஒரு சின்ன மூடி, மூடிக்குள் எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கிற புல்த்ரூ கயிறும் வைக்கிற பொந்து. முகாமில் ஒரு மாலை, தரையில் கம்பளம் விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நானும் பக்கத்தில் இருந்த பையனும் பேச்சு சுவாரசியத்தில், தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடுகிற போல்ட்டை மாற்றிப் போட்டுவிட்டோம். இரண்டும் ஒழுங்காக உள்ளே போயின, ஒழுங்காக மூடின. ஹவில்தார் வந்தார். என் துப்பாக்கியைத் தூக்கி, போல்ட் கைப்பிடியின் பின்புறம் இருந்த எண்ணைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார், உடலில் இருந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தை நான்கு சுற்று ஓட வைத்தார். “இது சுடவே சுடாதே, மாறினால் என்ன?” என்று இரவுச் சாப்பாட்டு வரிசையில் துணிந்து கேட்டேன். அவர் தட்டிலிருந்து நிமிராமல், இந்தி கலந்த தமிழில், “சுடாது. நம்பர் இருக்கு இல்ல?” என்றார்.

அந்தப் பதிலின் நியாயம் எனக்கு விளங்கப் பல வருடங்களாயின. ஒவ்வொரு போல்ட்டும் அந்தந்தத் துப்பாக்கியின் தோட்டா அறைக்கு அளவு பார்த்துப் பொருத்தப்பட்டது. மாற்றிப் போட்டால் தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையிலான இடைவெளி தவறும், சுடுபவனின் முகத்துக்கே ஆபத்து. எண் என்பது அங்கே அலங்காரமல்ல, ஒரு கைவினைஞன் இவ்விரண்டையும் நான் சேர்த்துப் பார்த்தேன் என்று விட்டுச்சென்ற வாக்குமூலம்.

நம்பர் 4 (டி)யில் இந்த வாக்குமூலம் இன்னும் நெருக்கமானது. பிரிட்டனில் ஆலைகளில் நன்றாகச் சுட்ட துப்பாக்கிகளைத் தனியே பொறுக்கி எடுத்து, 1942 முதல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பணக்காரர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த கடை அது. அங்கே உடலின் இடப்பக்கத்தில் இரண்டு எஃகு மேடைகளைப் பொருத்தி, திருகு மறைகளை அசையாமல் அடித்து, தொலைநோக்கித் தாங்கியைத் துப்பாக்கிக் குழலின் பார்வைக்கோட்டோடு இழைத்துச் சேர்த்து, கன்னம் பதிய ஒரு மரத்துண்டையும் கட்டையில் ஏற்றினார்கள். அதில் மாட்டிய நம்பர் 32 தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. வேறு வீட்டுக்கு வரன் பார்த்து இங்கே வந்து வாழ்ந்த பெண் என்று வையுங்கள். கடைசியில் துப்பாக்கியின் எண்ணைத் தாங்கியில் பொறித்தார்கள்; தொலைநோக்கியின் எண்ணைக் கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் படிகிற இடத்தில் பொறித்தார்கள். மாலை மாற்றிக்கொண்டதைப் போல. ஒன்றைப் பிரித்து இன்னொன்றில் மாட்டினால் குறி தவறும் என்பதால், எந்தத் தொலைநோக்கி எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்பதை யுத்தகளத்தின் சேற்றிலும் ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

‘டி’ என்ற எழுத்தையும் சும்மா கொடுக்கவில்லை. 200 கஜத்தில் சுட்ட 7 குண்டுகளும் 5 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது தேர்வு. அந்த எழுத்து மதிப்பெண் பட்டியல், கே. அதை நீங்களே பொறித்துக்கொள்வது, தேர்வுக்குப் போகாமல் மார்க் ஷீட் அச்சடித்துக்கொள்வதற்குச் சமம். கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஏமாற்றும் எண்ணம் துளிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் எண்ணத்தை அந்த இரும்பு ஞாபகம் வைத்துக்கொள்ளாதே. லாங் பிராஞ்சில் செய்யப்பட்ட (டி) வகைத் துப்பாக்கிகள் சொற்பம். அதனாலேயே விலை பெரியது. அதனாலேயே போலிகளும் ஏராளம். இன்று உங்கள் கையில் பிரதியாக இருப்பது உங்களுக்குப் பிறகு ஏலத்துக்குப் போகும். அங்கே அதை அசல் என்று நம்பி ஒருவர் தன் சேமிப்பைக் கொட்டுவார். எனக்கே இது நேர்ந்தது. கடை ஒன்றில் 1917 என்று பொறித்த பித்தளைத் தொலைநோக்கியை முதலாம் உலகப் போர்க் காலத்தது என்று நம்பி வாங்கி, இரண்டு வருடம் வருவோர்க்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். ஒரு நண்பர் உள்ளே இருந்த திருகைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பணம் போனதை மறந்துவிட்டேன். அதை வைத்து நான் சொன்ன கதைகளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அசலே தன்னைப் பற்றி முழு உண்மை சொல்வதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் ரெமிங்டன் ஆலை 1943இல் செய்யத் தொடங்கிய எம்1903ஏ4 ஸ்னைப்பர் துப்பாக்கியின் மேல், அதன் மூலமான சாதாரண வகையின் பெயராகிய ஏ3 என்றுதான் இருக்கும். தொலைநோக்கித் தாங்கி மறைத்துவிடாதபடி எழுத்துகளை இருபுறமும் ஒதுக்கியிருப்பார்கள். ஏ4 என்று பளிச்சென்று பொறித்த ஒன்றைக் கண்டால் விவரம் தெரிந்தவர் சிரித்துவிட்டு நகர்வார். அசலின் பிழைகூட அதற்கு உரிய பிழை என்பதற்காகச் சொன்னேன்.

மார்ஷலின் புகைப்படத்துக்கு வருவோம். பெல்ஜியத்தின் கபெல்லென் ஊருக்கு அருகே, 1944 அக்டோபரில் எடுத்தது. நானும் அதை நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அவர் கையில் இருப்பது உங்கள் ஊர் ஆலையில் செய்ததுதான் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்கள். ஆலையின் முத்திரை அந்தப் படத்தில் எங்கே தெரிகிறது? தெரியாத இடத்தை நம் ஊர்ப்பற்றால் நிரப்பக் கூடாது. லாங் பிராஞ்ச் பெருமைப்பட வேறு காரணங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்தவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். அந்த ஆலையின் சோதனைக் கட்டடம் உங்கள் மிசிசாகாவில் இன்றும் நிற்கிறது, கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நீங்கள் அங்கே போய்வந்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பெல்ஜியத்துப் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கு, உங்கள் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்த கைகள் நடமாடிய கூடம் பக்கத்தில் இருப்பது கண்ணில் படவில்லையா?

எனவே செய்யுங்கள், ஆசையோடு செய்யுங்கள். ‘டி’ மட்டும் வேண்டாம். கழுத்தில் எண் இல்லாமல் வெறுமையாகத் தெரிகிறது என்றால், உங்கள் தொலைநோக்கிக்கு அதைச் செய்தவர் கொடுத்த சொந்த எண் எதுவோ, அதையே பொறியுங்கள். அதுவும் உண்மையான மாலை மாற்றல்தான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்கூடப் போர்க்கால வழக்கப்படி தன் பெயரை எழுதாமல், கட்டையின் அடியில் எஸ் 51 என்ற குறியீட்டை மட்டும் இட்டது. அந்த இடத்தில் உங்கள் முதலெழுத்தையும் இந்த வருடத்தையும் வையுங்கள். பித்தளைத் தகட்டுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். புரட்டிப் பார்ப்பவர் கண்ணில் பட வேண்டும்.

கட்டைக்கு என்ன பூசுவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஆளிவிதை எண்ணெய் போதும். மெலிதாகத் தேய்த்து, ஊற விட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்குவது, தேயிலைச் சாயம் ஏற்றுவது போன்றவற்றை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப் போடுங்கள். வேலை முடிந்ததும் படம் அனுப்புங்கள். முழுத் துப்பாக்கியின் படம் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை, கட்டையின் கழுத்தை அருகில் வைத்து எடுத்தது ஒன்று வேண்டும்.