நான்கு ஞாயிறு, நான்கு கேள்வி: வாலிபர் வகுப்பில் விசுவாசத்துக்கு விளக்கம் சொல்வது எப்படி?

கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூர் பக்கத்துச் சபை ஒன்றில் வாலிபர் வகுப்பு எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள். அங்கே உடன் படிப்பவர்கள் கேட்பதை இங்கே கொண்டுவருகிறார்கள். ‘இயேசுவைக் கடவுளாக்கியது ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன்தானாமே, 325-ல் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்களாமே?’ ‘பைபிளை எத்தனையோ தடவை மாற்றிவிட்டார்களாமே?’ ‘நாம் கும்பிடுவது மூன்று சாமியா?’ எங்கள் போதகர் ஐயர் எனக்கு நான்கு ஞாயிறு கொடுத்திருக்கிறார், ஆராதனை முடிந்து முக்கால் மணி நேரம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இந்த மூன்றில் எதிலிருந்தும் தொடங்க வேண்டாம். உயிர்த்தெழுதலிலிருந்து தொடங்குங்கள். ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்’ என்று அப்போஸ்தலர் பவுலே எழுதிவிட்டார் (1 கொரிந்தியர் 15:17). அது நடக்கவில்லை என்றால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேட வேண்டிய அவசியமே இல்லை. நடந்தது என்றால், மற்றவை பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடங்களாகிவிடும். பெரும்பாலான ஆசிரியர்கள் திரித்துவத்தில் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பதில்) தொடங்கி, முதல் ஞாயிறே பிள்ளைகளைக் குழப்பிவிடுகிறார்கள். இன்னொன்று: நவம்பருக்கு மேல் காப்பிப் பறிப்பு மும்முரமாகிவிட்டால் எல்லாரும் எல்லா ஞாயிறும் வர முடியாது. அதனால் ஒவ்வொரு வகுப்பும் முந்தையதைக் கேட்காதவருக்கும் புரிகிற மாதிரி இருக்கட்டும்.

முதல் ஞாயிறு 1 கொரிந்தியர் 15:3-8 ஒன்றே போதும். ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தமாக வாசிக்க வையுங்கள். பிறகு பலகையில் ஆண்டுகளை எழுதுங்கள். சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33. இந்தக் கடிதம் ஏறக்குறைய 54, 55. இடைவெளி இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்தான். ஆனால் பவுல் இங்கே ‘நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்’ என்று தொடங்குகிறார். அதாவது, இது அவருக்கு முன்பே வழக்கில் இருந்த விசுவாச அறிக்கை. கலாத்தியர் 1:18, 19-ஐயும் திறக்கச் சொல்லுங்கள். மனந்திரும்பி மூன்று வருஷத்துக்குப் பின் எருசலேமுக்குப் போய், பேதுருவோடு 15 நாள் தங்கி, கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டதாகச் சொல்கிறார். 1 கொரிந்தியர் 15-ல் வரும் சாட்சிகளின் பட்டியலில் இருக்கும் இருவரை நேரில் சந்தித்த மனிதர் எழுதிய கடிதம் இது. ‘நூறு இருநூறு வருஷம் கழித்து வளர்ந்த கட்டுக்கதை’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்க முடியாமல் போகிறது.

அடுத்து, கிறிஸ்தவர் அல்லாதவர்களின் சாட்சி. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 116-ஐ ஒட்டி எழுதியதில், திபேரியு ஆட்சிக்காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். அவருக்குக் கிறிஸ்தவர்கள்மேல் வெறுப்புத்தான். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்’ யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டதைச் சொல்கிறார். அது கி.பி. 62. யோவான் 7:5-ன்படி இயேசுவின் சகோதரர்கள் அவரை நம்பவில்லை. நம்பாத தம்பி எருசலேம் சபையின் தலைவராகி உயிரையும் கொடுத்திருக்கிறார் என்றால் நடுவில் என்ன நடந்தது? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள்.

கல்லறையில் முதலில் போய் நின்றவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. அந்தக் காலத்து யூத வழக்கில் பெண்ணின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு என்பதை யோசேப்பஸே பதிவு செய்திருக்கிறார். கதை கட்டுகிறவன் பேதுருவையோ யோவானையோ முதலில் நிறுத்தியிருப்பான்.

இந்த வகுப்பில்தான் ஆசிரியர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘பதினொரு சீஷர்களும் இரத்தசாட்சியாக மரித்தார்கள், பொய்க்காக யாராவது சாவானா?’ என்று கேட்பது வழக்கம். இரண்டு பாதியிலும் ஓட்டை இருக்கிறது. பேதுரு, பவுல், செபெதேயுவின் குமாரன் யாக்கோபு (அப்போஸ்தலர் 12:2), கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு ஆகியோரின் மரணத்துக்கு ஆதாரம் பலமானது. மற்றவர்களில் பலருடையது பிற்காலப் பாரம்பரியம். பொய்யான நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவர்களும் எல்லா மதத்திலும் உண்டு. ஆகவே வாதத்தைச் சுருக்கிச் சொல்லுங்கள்: நடந்ததா இல்லையா என்று நேரடியாக அறிந்திருக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள், அடியும் சிறையும் மரணமும் வந்தபோதும் தங்கள் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்நூறு பேருக்கு மேல் கண்டதாகச் சொல்லும் பவுல், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுவது, விசாரிக்க நினைப்பவர் போய் விசாரிக்கலாம் என்பதற்குச் சமம்.

சுவிசேஷங்களில் எத்தனை பெண்கள், எத்தனை தூதர்கள் என்பதில் வேறுபாடு இருக்கிறதே என்று ஒரு பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும். இல்லை என்று மழுப்பாதீர்கள். நான்கும் ஒத்துப்போகும் இடங்களைப் பலகையில் எழுதுங்கள்: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், வாரத்தின் முதல் நாள் காலையில் கல்லறை காலி, முதலில் கண்டவர்கள் பெண்கள். வேறுபாடுகள் விவரத்தில்தான் இருக்கின்றன.

உடலைத் திருடிவிட்டார்கள், மயக்கம் தெளிந்து எழுந்தார், மனப்பிரமை என்ற மாற்று விளக்கங்களைப் பிள்ளைகளையே வாதாட வையுங்கள். திருட்டு என்றால், சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலின் மாற்றத்துக்குக் காரணம் கிடைக்காது. மனப்பிரமை என்றால் காலிக் கல்லறைக்குக் காரணம் கிடைக்காது. மயக்கம் என்றால், ரோமச் சிப்பாய்களிடம் வாரடியும் சிலுவையும் பட்ட ஒருவர் ‘மரணத்தை ஜெயித்த கர்த்தர்’ என்று எவரையும் நம்ப வைக்கும் நிலையில் இருந்திருக்க முடியாது. இதோடு வரலாற்றின் எல்லை வருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். தேவன் எழுப்பினார் என்பதை வரலாற்று ஆதாரம் மட்டுமே நிரூபிக்காது. மற்ற விளக்கங்கள் போதவில்லை என்பதை அது காட்டும். அதற்கு மேல் அவரவர் தேவனுக்கு முன்பாக எடுக்க வேண்டிய முடிவு.

இரண்டாம் ஞாயிறு நிசேயா, அதாவது கான்ஸ்டன்டைன் பற்றிய கேள்வி. 325-ல் நிசேயா நகரத்தில் பேராயர்களின் சங்கம் கூடியது உண்மை. கூட்டியவர் கான்ஸ்டன்டைன் என்பதும் உண்மை. ஆனால் அங்கே விவாதம் ‘இயேசு மனிதரா, கடவுளா’ என்பதல்ல. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியு என்ற மூப்பர்கூட, இயேசு உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்தவர் என்றுதான் போதித்தார். அவர் மறுத்தது, குமாரன் பிதாவோடு நித்தியமானவர் என்பதை. படைப்புகளில் முதலானவர் என்றார். சங்கம் அதை நிராகரித்து, பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. கடைசிவரை கையெழுத்திட மறுத்த பேராயர்கள் இருவர் மட்டுமே. வேதாகமத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்பது அங்கே தீர்மானிக்கப்படவும் இல்லை. இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் அதே 27 புத்தகங்களைக் கொடுத்த பட்டியல், 367-ல் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு எழுதிய பண்டிகைக் கடிதத்தில் கிடைக்கிறது. நான்கு சுவிசேஷங்கள்தான் என்று பேராயர் ஐரேனியு சுமார் 180-லேயே வாதாடிவிட்டார்.

இயேசுவை வணங்குவது 325-க்கு முன்பே இருந்ததற்குச் சான்று கேட்டால், பிளினியின் கடிதத்தைக் காட்டுங்கள். பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் (இன்றைய துருக்கியில்) ஆளுநரான அவர் சுமார் 112-ல் சக்கரவர்த்தி திராயானுக்கு எழுதினார்: கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள். நிசேயா நகரம் அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. சங்கம் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், அதே மண்ணில், நம்மை விசாரித்துத் தண்டித்த அதிகாரியின் கையெழுத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. இதற்கும் முன்பே பிலிப்பியர் 2:6-11, 1 கொரிந்தியர் 8:6, தோமாவின் ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ (யோவான் 20:28) எல்லாம் எழுதப்பட்டுவிட்டன.

சக்கரவர்த்தியின் அரசியல்தான் வென்றது என்பவருக்கு இன்னொரு தகவல். கான்ஸ்டன்டைன் 337-ல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது, ஆரியுவின் பக்கம் சாய்ந்த ஒரு பேராயரின் கையால். அவர் மகன் கான்ஸ்டன்டியு ஆரியு பக்கத்தாரை ஆதரித்தார். நிசேயா அறிக்கைக்காக நின்ற அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரசாங்கம் எதிராக இருந்த காலத்திலும் அந்த அறிக்கை பிழைத்திருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு ‘பைபிளை மாற்றிவிட்டார்களா’ என்ற கேள்வி. பேச்சைக் குறைத்து ஒரு பயிற்சி வையுங்கள். எட்டுப் பேர் போதும். யாருக்கும் மனப்பாடம் இல்லாத, அறுபது சொல் அளவுள்ள ஒரு பத்தியை எடுங்கள். வேத வசனம் வேண்டாம், தெரிந்த வரியைக் கை தானாகத் திருத்திவிடும். இரண்டு பேர் மட்டும் மூலத்தைப் பார்த்து மூன்று நிமிஷத்தில் எழுதட்டும். ஒவ்வொருவருடைய பிரதியையும் பார்த்து மும்மூன்று பேர் அதே வேகத்தில் எழுதட்டும். பிறகு மூலத்தையும் முதல் இரண்டு பிரதிகளையும் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, மீதி ஆறு தாள்களை வைத்து மூலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கே வேறுபாடு இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே பிழை மூன்று தாளில் இருந்தால் அவை ஒரே தாயிலிருந்து வந்தவை. பெரும்பான்மையை எண்ணினால் போதாது என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்றுக்கு மூன்று என்று வரும்போது, எது எதிலிருந்து பிறந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒரே சொல் இரண்டு வரியில் வந்தால் கண் தாவி நடுவில் உள்ளதை விட்டுவிடும். கடினமான சொல்லை எழுதுபவர் எளிதாக்கிவிடுவார். அறிஞர்கள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளில் செய்வது இதே வேலைதான். கிரேக்கப் பிரதிகள் மட்டும், துண்டுகளையும் சேர்த்து, ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

வேறுபாடுகள் லட்சக்கணக்கில் என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள். பிரதி அதிகமாக அதிகமாக வேறுபாட்டின் எண்ணிக்கையும் ஏறும். அதில் மிகப் பெரும் பங்கு எழுத்துப் பிழையும் சொல் வரிசையும்தான். பெரிய இடங்கள் சில உண்டு. அவற்றை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். மாற்கு 16:9-20 நான்காம் நூற்றாண்டு வத்திக்கான், சினாய் பிரதிகளில் இல்லை. யோவான் 7:53 முதல் 8:11 வரை பழமையான பிரதிகளில் இல்லை. மூன்றாவது நம் சபைகளுக்கு மிக முக்கியம்: 1 யோவான் 5:7. ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கத்தோலிக்க நண்பரிடம் இருக்கும் பொது மொழிபெயர்ப்பைத் திறந்தால் அந்த வரி இருக்காது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516, 1519-ல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளிலும் சேர்க்கவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். திரித்துவத்துக்கு இந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டிவிட்டு, ஹாஸ்டலில் ஒரு பையன் போனில் தேடி இதை எடுத்துக் காட்டினால், உங்கள் மாணவன் அன்றே நிலைகுலைந்துவிடுவான். இந்த வசனத்தை வாதத்துக்கு எடுக்கவே வேண்டாம். இது இல்லாமலே திரித்துவம் நிற்கும்.

பழைய ஏற்பாட்டுக்கு 1947-ல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள் ஒன்றே போதும். 66 அதிகாரமும் அதில் இருக்கின்றன. அதற்கு முன் நம்மிடம் இருந்த முழு எபிரெயப் பிரதிகளைவிட சுமார் ஆயிரம் ஆண்டு பழையது. வேறுபாடுகள் இருந்தும் அது அதே ஏசாயாதான்.

நான்காம் ஞாயிறு திரித்துவம். பலகையில் ஏழு வரி எழுதுங்கள். பிதா தேவன். குமாரன் தேவன். பரிசுத்த ஆவி தேவன். பிதா குமாரன் அல்ல. குமாரன் ஆவி அல்ல. ஆவி பிதா அல்ல. தேவன் ஒருவரே. இந்த ஏழையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் சபையின் விசுவாசம். தண்ணீர், ஐஸ், நீராவி என்ற உவமையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே தண்ணீர் மூன்று வேஷம் போடுகிறது என்றால் நான்காம், ஐந்தாம், ஆறாம் வரிகள் அழிந்துவிடும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்ற போதகர் சொன்னது அதுதான், சபை அதை அப்போதே தள்ளிவிட்டது. ஒரே ஆள் அப்பாவாகவும் மகனாகவும் கணவனாகவும் இருக்கிறார் என்பதும் அதே தவறு. முட்டை ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் ஒவ்வொன்றும் பாதித் தேவன், கால் தேவன் என்றாகிவிடும். உவமைக்குப் பதிலாக மத்தேயு 3:16, 17-ஐ வாசியுங்கள். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். முரண்பாடு என்பவருக்குப் பதில் எளிது: ‘ஒரு தேவன், மூன்று தேவர்கள்’ என்றால்தான் முரண். நாம் சொல்வது தன்மையில் ஒன்று, ஆள்தத்துவத்தில் மூன்று. முழுதும் புரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ‘சான்றுகளை’ வகுப்புக்குள் விடாதீர்கள். யோசுவா காலத்தில் சூரியன் நின்றதால் ‘காணாமல்போன’ நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது என்பது பொய். இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் டூரின் சவத்துணியையும் ஆதாரமாக வைக்க வேண்டாம். 1988-ல் நடந்த கார்பன் சோதனை 1260-1390 என்று காட்டியது, வாதம் இன்னும் ஓயவில்லை. யோசேப்பஸின் யூத வரலாற்று நூலின் 18-ஆம் பகுதியில் இயேசுவைப் புகழும் பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. யாக்கோபைப் பற்றிய வரி போதும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிற நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் உங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. அவர்களுடைய வழிபாட்டைக் கேலி செய்து நம் விசுவாசத்தை நிலைநாட்ட முடியாது. 1 பேதுரு 3:15 கேட்பது ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ சொல்லும் பதிலை. கேட்காதவரிடம் வலியப் போய் வாதாடச் சொல்லி அந்த வசனம் யாரையும் அனுப்பவில்லை.

ஒரு ஏ4 தாள் தயார் செய்து கொடுங்கள். ஒரு பக்கம் 1 கொரிந்தியர் 15:3-8, அதன் கீழே 30, 55, 62, 112, 325, 367 என்ற ஆண்டுகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும். மறுபக்கம் அந்த ஏழு வரிகள். கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கட்டும். அந்த வாரம் ஹாஸ்டலில் பதில் தெரியாமல் போன கேள்வியை அதில் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு மலைக்கு வரட்டும்.