முதல் குழந்தையை லைட்டில் வைத்தார்கள். இரண்டாவது குழந்தைக்கும் மஞ்சள் காமாலை கடுமையாகுமா என்று முன்பே சொல்ல முடியுமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: முதல் குழந்தை 37 வாரத்தில் சுகப்பிரசவமாகப் பிறந்து, வீட்டுக்கு வந்த மறுநாள் உடல் மஞ்சளாகி, இரண்டு நாள் ஒளிச் சிகிச்சையில் இருந்தது, தாய்க்கு ஓ பாசிடிவ் ரத்தம், அடுத்த பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கும் முன் உறுதியாகச் சொல்ல முடியாது; பிறந்து ஒரு நாள் கழிந்தபின் ஓரளவு நன்றாகவே சொல்லலாம். ஆனால் அந்தக் கணிப்பு, யாருக்கு வராது என்பதைச் சொல்லும் அளவுக்கு, யாருக்கு வரும் என்பதைச் சொல்வதில்லை.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும்; குறைமாதத்தில் பிறந்தவர்களில் அது 80 சதவீதத்தை எட்டும். பச்சிளங்குழந்தையின் சிவப்பணுக்கள் நம்முடையதைவிடச் சீக்கிரம் சிதைவதால் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி அதிகமாக உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ முதல் சில நாட்களுக்கு அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே மஞ்சள் வருமா என்பதை விட, எவ்வளவு வேகமாக, எந்த அளவு வரை ஏறும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். மஞ்சள் முகத்தில் தொடங்கிப் பாதம் வரை இறங்கும் என்றும், எதுவரை இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு அளவை ஊகிக்கலாம் என்றும் 1969இல் கிரேமர் எழுதியதைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருநாள் மாலை, இளம்பச்சைச் சுவரும் டியூப்லைட்டும் இருந்த வார்டில், பிறந்து மூன்று நாளான மாநிறக் குழந்தை ஒன்றின் நெற்றியைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "பத்துக்குள்தான் இருக்கும்" என்றேன். பக்கத்தில் நின்ற பாட்டி, "பசின்னு அழவே இல்லீங்க டாக்டர், ரொம்பச் சமத்து" என்றார். அந்தச் சொல்தான் உடனிருந்த செவிலியருக்கு உறுத்தியது. அவர் வற்புறுத்திக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினார். பிலிரூபின் டெசிலிட்டருக்கு 19 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. குழந்தை சமத்தாக இருக்கவில்லை, பால் குடிக்கத் தெம்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு என் கட்டை விரலை நான் நம்புவதில்லை.

எண் கையில் வந்தாலும் அது தனியாக எதையும் சொல்லாது. பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்த எண் என்பதும் கூடவே வேண்டும். 24 மணி நேரத்தில் 8 என்று வந்தால் நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்குத்தான் அதைவிட அதிகம் இருக்கும். அதே 8 மூன்றாம் நாள் முடிவில் வந்தால் கவலைப்பட ஏதுமில்லை. இந்த மணிக்கணக்கு வரைபடத்தை 1999இல் வெளியிட்டவர்கள், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆய்வு செய்த வினோத் பூட்டானியும் அவருடைய சகாக்களும். நல்ல எடையுடன் நிறைமாதத்திலோ அதை ஒட்டியோ பிறந்த 2,840 குழந்தைகளை, வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த அளவைக் கொண்டு நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். மிகக் கீழ் மண்டலத்தில் இருந்த 1,756 பேரில் ஒருவருக்கும் பின்னர் அளவு உச்ச மண்டலத்துக்கு ஏறவில்லை. உச்ச மண்டலத்தில் இருந்த 172 பேரில் 68 பேர் அங்கேயே தொடர்ந்தார்கள்.

பலரும் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருந்தவர்களின் கணக்கு. இரண்டு இடை மண்டலங்களிலிருந்தும் 58 குழந்தைகள் பிறகு உச்சத்துக்கு ஏறினார்கள். அதாவது கடைசியில் உச்சத்தில் இருந்த 126 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரை, வீட்டுக்குப் போகும் நாளன்று யாரும் "அபாயம்" என்று குறித்திருக்க மாட்டார்கள். கீழ் மண்டலத்தின் அந்தப் பூஜ்யத்தையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது; கூம்ப்ஸ் பரிசோதனையில், அதாவது தாயின் எதிர்ப்பொருட்கள் குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையில், ரத்தப் பிரிவு மோதல் தெரிந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

ஆகையால் எண்ணோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். அவற்றில் கனமானது கர்ப்ப வாரம். 37 வாரக் குழந்தை பார்வைக்கு நிறைமாதக் குழந்தை போலவே இருக்கும். ஆனால் நான்கு முறை உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடும். பால் குறைவாக உள்ளே போனால் மலம் கழிவது தாமதமாகும், குடலில் தங்கிய பிலிரூபின் மறுபடி ரத்தத்துக்குத் திரும்பும். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிவது, உச்சந்தலையில் ரத்தம் கட்டிய வீக்கம், அண்ணனோ அக்காவோ ஒளிச் சிகிச்சை பெற்றிருப்பது ஆகியவையும் கணக்கில் வரும். முதல் நாளில் மணிக்கு 0.3 மில்லிகிராமோ, அதன் பிறகு மணிக்கு 0.2 மில்லிகிராமோ, அதற்கு மேலோ ஏறினால், எங்கோ சிவப்பணுக்கள் வேகமாக உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும்.

அப்படி உடைவதற்கு உங்கள் வீட்டில் ஒரு காரணம் இருக்கலாம். தாய்க்கு ஓ வகையும் குழந்தைக்கு ஏ அல்லது பி வகையும் இருந்தால், தாயின் எதிர்ப்பொருட்கள் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கக்கூடும். இப்படிப்பட்ட ஜோடிகளில் பெரும்பாலானவற்றில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் ரத்த வகையையும் கூம்ப்ஸ் பரிசோதனையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு. அது பெரும்பாலும் தாய் வழியாக ஆண் குழந்தைக்கு வரும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய பருத்திப் புடவையிலோ வேட்டியிலோ சுற்றுவது வழக்கம். அந்தத் துணி பெரும்பாலும் பெட்டியடியில் அந்துருண்டையோடு கிடந்ததாக இருக்கும். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். வார்டில் துணியைப் பிரிக்கும்போது அந்துருண்டை வாடை வந்தால் நான் முதலில் துணியை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்பேன். வெயிலில் காட்டுவதும் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் ஏறிக்கொண்டிருக்கும் அளவைத் தடுக்காது. சர்க்கரைத் தண்ணீர் தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிலைமையை மோசமாக்கவும் செய்யும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லாக் குழந்தைகளுக்கும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், அதற்கு முன்பே வீட்டுக்குப் போவதானால் போகும் முன், ஒருமுறை அளந்துவிட வேண்டும் என்கிறது. நெற்றியிலோ நெஞ்செலும்பின் மேலோ வைத்துப் பார்க்கும் கருவி போதும். அது காட்டும் எண் சிகிச்சைக் கோட்டுக்கு, அதாவது ஒளிச் சிகிச்சை தொடங்க வேண்டிய அளவுக்கு, 3 மில்லிகிராம் அருகே வந்தால் ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் கோட்டுக்கும் குழந்தையின் எண்ணுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைவோ, அவ்வளவு சீக்கிரம் மறுபரிசோதனை.

இங்கேதான் நம் ஊர் நடைமுறையில் ஓர் இடறல் இருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு பிலிரூபின் உச்சத்துக்கு வருவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். சிசேரியன் குழந்தை அப்போது பெரும்பாலும் மருத்துவமனையிலேயே இருக்கும். சுகப்பிரசவக் குழந்தையோ இரண்டாம் மூன்றாம் நாளே பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும். உங்கள் முதல் குழந்தைக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். எனவே "மஞ்சளாகத் தெரிந்தால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மணி நேரத்தில் அளவு எவ்வளவு இருந்தது, எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும் என்று அட்டையில் எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன் முதல் குழந்தையின் டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். அதில் குழந்தையின் ரத்த வகை, கூம்ப்ஸ் முடிவு, மிக அதிகமாக இருந்த பிலிரூபின் அளவு ஆகியவை இருந்தால், பிரசவ அறைக்குப் போகும் நாளன்று அந்த அட்டை உங்கள் பையில் இருக்க வேண்டும்.