பேசாதவரையும் பேசவைக்கும் கூட்டம்: பணியிட உரையாடல்கள் குறித்த கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் அலுவலகங்கள், ஆலைகள், மருத்துவமனைகள், கடைகள் ஆகியவற்றில் பொறுப்பு வகிக்கும் சிலர், குழுக் கூட்டங்களை நடத்துவதிலும் உடன் பணியாற்றுவோரிடம் பேசுவதிலும் தங்களுக்கு நேரும் இடர்ப்பாடுகளைக் கேட்டிருந்தனர். பணியாளர் பயிற்சியில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாகர்கோவிலில் ஒன்பது பேர் கொண்ட மென்பொருள் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டம் இரண்டு மணி நேரம் நீள்கிறது. எழுந்து வரும்போது என்ன முடிவாயிற்று என்று எவருக்கும் தெரிவதில்லை.

உங்கள் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். ‘வாடிக்கையாளர் புகார்கள்’, ‘அடுத்த வெளியீடு’ என்று தலைப்புகள் மட்டுமே அதில் இருக்கும் என நினைக்கிறேன். தலைப்பைக் கொடுத்தால் அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ‘வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைப்பதா, இரண்டு வசதிகளை விட்டுவிட்டு உரிய நாளிலேயே வெளியிடுவதா?’ என்று கேள்வியாக எழுதினால், பதில் கிடைத்ததும் பேச்சு தானாக நிற்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, முடிவெடுப்பவர் யார் என்பதையும் எழுதிவிடுங்கள். முடிவு உங்களுடையது, மற்றவர்களின் கருத்தை மட்டுமே கேட்கிறீர்கள் என்றால், அதைத் தொடக்கத்திலேயே சொல்வதில் தவறில்லை. எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பதாகக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே எடுத்த முடிவை இறுதியில் அறிவிப்பதுதான் குழுவின் நம்பிக்கையைக் குலைக்கும்.

அற்பமான பொருளுக்கு அதிக நேரம் போவது உலகெங்கும் உள்ள நோய். பார்க்கின்சன் என்ற பிரித்தானிய அறிஞர் 1957இல் ஒரு கற்பனைக் குழுவைக் கொண்டு இதை விளக்கினார். அந்தக் குழு ஒரு கோடி பவுண்டு செலவாகும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுண்டு செலவாகும் மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றியோ முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை எவருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும் என்பதே காரணம். ஆகவே கடினமான கேள்வியை முதலில் வையுங்கள். அதற்குரிய விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, முதல் பத்து நிமிடம் அனைவரும் அமைதியாகப் படிக்கட்டும். படிக்காமல் வந்தவருக்காக எல்லாவற்றையும் மறுபடி விளக்கும் நேரம் இதனால் மிச்சமாகும். அவரவர் சென்ற வாரம் செய்த வேலையைக் கூட்டத்தில் ஒப்பிக்க வேண்டியதில்லை, முந்தைய நாளே எழுதி அனுப்பினால் போதும்.

கேள்வி: கருங்கல் அருகே ஒரு முந்திரி ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதக் கூட்டத்தில் “ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டால், பெண்கள் எல்லோரும் இல்லை என்று தலையசைக்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் குறைகளைப் பேசுகிறார்கள். ஏன் அம்மா, நேரில் சொல்லுங்கள் என்றாலும் பயனில்லை.

இந்த மௌனத்தைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். உரிமையாளர் முன்னிருக்கையில் இருக்கும்போது வாய் திறந்தால் என்ன விளையும் என்பதைக் கணக்கிட்டே அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். முந்திரிக் கொட்டை உடைப்பவருக்கும் பருப்பின் தோலுரிப்பவருக்கும் எடைக் கணக்கில் கூலி கொடுக்கும் வழக்கம் இருப்பதால், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அவர்களுக்கு நேரடியான இழப்பு. உங்கள் ஆலையிலும் அப்படியே என்றால், அந்த நேரத்துக்கான கூலியை முதலில் உறுதி செய்யுங்கள். அதைச் செய்யாமல் கருத்துக் கேட்பது நியாயமல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, கேள்வியைக் குறுக்குங்கள். ‘ஏதாவது’ என்ற கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்பதே எளிய பதில். “நேற்று தோலுரிக்கும் பிரிவில் உடைந்த பருப்பு அதிகம் வந்ததே, உலர்த்தும் அறையில் சூடு கூடிவிட்டதா, பருப்பு வந்து சேரத் தாமதமானதா?” என்று கேட்டுப் பாருங்கள். அளவுக்கு மீறிக் காய்ந்த பருப்பு எளிதில் நொறுங்கும் என்பதும், முழுப் பருப்புக்குக் கிடைக்கும் விலை உடைந்ததற்குக் கிடைக்காது என்பதும் அவர்கள் கையால் அறிந்தவை. தெரிந்த பொருளைப் பற்றி, பழி தங்கள் மேல் விழாது என்ற உறுதியுடன் கேட்கப்படும்போது மனிதர்கள் பேசுவார்கள். மூன்று மூன்று பேராகப் பிரிந்து தங்களுக்குள் ஐந்து நிமிடம் பேசச் செய்து, ஒருவர் மட்டும் மூவர் சார்பாகச் சொல்லட்டும். அப்போது குறையைச் சொன்னவர் யார் என்பது தெரியாது. பணியில் புதியவர் முதலில், மூத்தவர் பிறகு, நீங்கள் கடைசியில் என்ற வரிசையையும் பின்பற்றுங்கள். மேலாளர் தம் கருத்தை முதலில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலிகளாகவே இருக்கும்.

இவ்வளவையும் விடப் பெரியது, சென்ற மாதம் அவர்கள் சொன்னது என்னவாயிற்று என்பதை இந்த மாதம் அறிவிப்பதுதான். செய்ய முடியவில்லை என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள். ஒரே ஒரு மின்விசிறி பழுது பார்க்கப்பட்டால்கூட அடுத்த கூட்டத்தில் இரண்டு வாய்கள் கூடுதலாகத் திறக்கும்.

ஓர் எச்சரிக்கை. பாலியல் தொல்லை போன்ற புகார்களைப் பொதுக் கூட்டத்தில் கேட்கவே கூடாது. பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்பதை எல்லோரும் காணும் இடத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் ஒன்றில் பணிபுரிகிறேன். காலைக் கூட்டத்துக்குப் பால் வெட்டுபவர்கள் வருவதே இல்லை.

வர இயலாது. பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். பாலைச் சேகரித்துக் கொண்டுவந்து ஒப்படைத்த பிறகு, அதே இடத்தில் பதினைந்து நிமிடம் பேசுங்கள்.

கேள்வி: நாங்கள் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள். பணிநேரம் மாறும்போது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் தகவலில் ஏதாவது விடுபட்டுவிடுகிறது, சார்.

இது உயிரோடு தொடர்புடைய உரையாடல் என்பதால், நினைவாற்றலை நம்பாமல் ஒரு வரிசையை நம்புங்கள். இப்போதைய நிலை, நோயாளியின் பின்னணி, உங்கள் மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியது என்ற நான்கு படிகளைப் பல நாடுகளின் மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவத்துக்கு வந்த முறை இது. பொறுப்பேற்பவர், மருந்தின் பெயரையும் அளவையும் திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். “சரி, புரிந்தது” என்பது போதாது.

மருத்துவரிடம் ஐயத்தை எழுப்பத் தயங்கும் இளைய செவிலியர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்வது ஒரு படியாகும். எட்டு நாடுகளைச் சேர்ந்த எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்த பின் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பெயர் சொல்வது மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை பேசியவருக்கு, நடுவில் ஆபத்தைக் கண்டால் குரல் கொடுப்பது எளிதாகிறது. உங்கள் பணிமாற்ற உரையாடலிலும் இளையவருக்கு ஒரு பகுதியைக் கட்டாயமாக ஒதுக்குங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை மேலாளராக இருக்கிறேன், வயது 29. என் தந்தை வயதுடைய விற்பனையாளர் ஒருவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். அண்மைக்காலமாக அவர் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுகிறார். எப்படிச் சொல்வது?

அன்றன்றைக்குச் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். கல்லாவுக்கு அருகே, இளைய ஊழியர்கள் காதில் விழும்படி சொன்னால், நீங்கள் சொன்னது எவ்வளவு சரியானாலும் அவமதிப்பு மட்டுமே அவர் நினைவில் நிற்கும். நாலு பாராட்டுகளைச் சொல்லி நடுவில் குறையை நுழைக்கும் வழக்கத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. அனுபவசாலிகள் அதைக் கேட்டவுடன் கண்டுகொள்வார்கள்.

கண்டதை மட்டும் சொல்லுங்கள். “அண்ணாச்சி, இன்றைக்குப் பட்டுப் பிரிவில் அந்த அம்மா மூன்றாவது சேலையைக் கேட்டபோது, வாங்குவதானால் கேளுங்கள் என்று சொன்னீர்கள். அவர்கள் வாங்காமல் போய்விட்டார்கள். என்ன நடந்தது?” இவ்வளவு போதும். ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்ற தீர்ப்பு வேண்டாம். கேட்டபின் அமைதியாக இருங்கள். அந்த அமைதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் அதை நிரப்பாதீர்கள். நாள் முழுவதும் நிற்பதால் கால்வலி என்று அவர் சொல்லக்கூடும். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் கடையில் இருக்கை இல்லையென்றால், அந்த உரையாடலில் திருந்த வேண்டியவர் அவர் மட்டுமல்ல. காரணம் எதுவானாலும், அடுத்த வாரம் முதல் என்ன மாறும் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, ஒரு நாள் குறித்து மறுபடி பேசுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் ஓர் அக்காவே எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்.

அவரைத் தடுக்காமல் வரிசையை மாற்றுங்கள். கடன் யாருக்கு என்பது போன்ற கேள்விகளுக்கு, ஒவ்வொருவரும் தம் கருத்தை முதலில் துண்டுத்தாளில் எழுதட்டும், எழுத இயலாதவர் அருகிலிருப்பவரிடம் சொல்லட்டும். அதன் பிறகு வட்டமாக ஒவ்வொருவராகப் பேசலாம். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழுவிலுள்ள மிகச் சிறந்த அறிவாளியின் திறனைவிட, பேச்சு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதே குழுவின் திறனோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது.

கேள்வி: கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எப்போதும் என்னிடமே வருகிறது. குழுவில் நான் ஒருத்திதான் பெண்.

இதை அடுத்த கூட்டத்திலேயே எழுப்புங்கள் என்று உங்களுக்கும், நீங்களாகவே மாற்றுங்கள் என்று உங்கள் தலைவருக்கும் சொல்கிறேன். எழுதிக்கொண்டிருப்பவரால் முழுமையாக விவாதிக்க இயலாது. ஆகவே அந்தப் பொறுப்பு முறைவைத்து எல்லோரிடமும் சுற்றி வர வேண்டும். யார் என்ன பேசினார் என்ற நீண்ட விவரம் தேவையில்லை. எடுத்த முடிவு, செய்பவர் பெயர், முடிக்கும் நாள், எவரேனும் மாறுபட்டிருந்தால் அவருடைய காரணம் ஆகியவை போதும். ‘குழு கவனிக்கும்’ என்று எழுதாதீர்கள், ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும். கலைவதற்கு முன் அதை உரக்கப் படித்தால், தம் பெயரைக் கேட்டு “அந்த நாளுக்குள் முடியாதே” என்று சொல்பவர் அங்கேயே சொல்லிவிடுவார். நிறுவனச் சட்டம் இயக்குநர் கூட்டக் குறிப்புக்கு 30 நாள் அவகாசம் தருகிறது. உங்கள் குழுவின் குறிப்பு அன்று மாலைக்குள் எல்லோர் கைக்கும் போய்ச் சேரட்டும்.